பேக்கப்பைத் திறக்குமுன், தாயி

புதுக் கம்ப்யூட்டர் வந்துவிட்டதாக உன் அம்மா சொன்னாள். பழையதிலிருந்து எடுத்துவைத்த பேக்கப்பை அதில் எப்படி ஏற்றுவது என்று நீ கேட்டதாகவும் சொன்னாள். எந்தப் பொத்தானை அழுத்துவது என்பதை யூடியூப் பார்த்துப் பத்து நிமிடத்தில் கற்றுக்கொள்வாய். அதற்கு நான் வேண்டாம். மதுரையில் டி.டி.பி. கடையும் கம்ப்யூட்டர் சர்வீஸுமாக இத்தனை காலம் உட்கார்ந்திருந்ததில், ஃபைல்களைத் தொலைத்துவிட்டு வந்து நின்றவர்களை நிறையப் பார்த்துவிட்டேன். விவரம் தெரியாமல் தொலைத்தவர்கள் அவர்களில் கொஞ்சம் பேர்தான். அவசரத்தில் தொலைத்தவர்களும், 'எல்லாம் இருக்கும்' என்று நம்பித் தொலைத்தவர்களும்தான் அதிகம். அதனால் உன் குணத்தோடுதான் பேசப்போகிறேன். நடுவே கொஞ்சம் தொழிலும் வரும்.

1. பழைய கம்ப்யூட்டர் இன்னும் ஓடுகிறது என்றால், அதை எக்ஸ்சேஞ்சில் தள்ளிவிடாதே. தம்பிக்கு கேம் விளையாடவும் கொடுக்காதே. 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுத்தியபோது, புது லேப்டாப் வாங்கப் போன சிலர் பழையதைக் கடையிலேயே விட்டுவிட்டு வந்தார்கள். பேக்கப் இருக்கிறதே என்ற தைரியம். பேக்கப்பில் எது விடுபட்டது என்பது எடுக்கும்போது தெரியாது; அது இல்லாமல் ஒரு காரியம் நிற்கும்போதுதான் தெரியும். பிள்ளையின் சாதிச் சான்றிதழ் ஸ்கேனை அட்மிஷன் நேரத்தில்தான் தேடுவார்கள், போன வருடத்து வரிக்கணக்கை ஜூலையில்தான் தேடுவார்கள். இரண்டும் கடந்து போகட்டும். அதுவரை அந்தப் பழைய பெட்டி பரணில் தூங்கினால் யாருக்கு என்ன நஷ்டம்?

2. பழையது செத்துப்போய்விட்டதா? அப்படியானால் உன் கையில் இருக்கும் டிஸ்க்கை இனிமேல் பேக்கப் என்று சொல்லாதே. அசல் போய்விட்டது, ஆகவே இப்போது அதுதான் அசல். அதிலிருந்து எதையும் புதுக் கம்ப்யூட்டரில் ஏற்றுவதற்கு முன்னால் இன்னொரு டிஸ்க்கை வாங்கி, அப்படியே ஒரு நகல் எடு. செலவைப் பார்க்காதே. பீட்டர் க்ரோக் என்ற அமெரிக்கப் புகைப்படக்காரர் 2005-இல் வந்த தன் புத்தகத்தின் வழியாகப் பரப்பிய ஒரு கணக்கு உண்டு: மூன்று நகல், இரண்டு வகைச் சாதனம், ஒன்று வேறு ஊரில் அல்லது வேறு வீட்டில். அந்த மூன்றாவதைத்தான் நம் ஆட்கள் மறந்துவிடுவார்கள். 2015 டிசம்பரில் சென்னையில் வெள்ளம் புகுந்த வீடுகளிலிருந்து இங்கே உறவினர் வீட்டுக்கு வந்தவர்கள், சேறு காய்ந்த ஹார்டு டிஸ்க்குகளைத் துணியில் சுற்றிக்கொண்டு வந்தார்கள். கம்ப்யூட்டர் மேஜையில் இருந்தது, பேக்கப் பக்கத்து பீரோவின் கீழ்த்தட்டில் இருந்தது. தண்ணீருக்கு இரண்டும் ஒரே வீடுதான்.

பழைய டிஸ்க்கைச் செருகியதும் காதைக் கொடுத்துக் கேள். டிக் டிக் என்று தட்டுகிற சத்தம் வந்தால் உடனே நிறுத்தி, அதற்கென்று இருப்பவர்களிடம் கொண்டுபோ. இன்னும் ஒரு தடவை பார்ப்போம், இன்னும் ஒரு தடவை பார்ப்போம் என்று திரும்பத் திரும்பச் செருகிப் பார்ப்பவர்கள்தான் கடைசிச் சொட்டையும் கொட்டிவிடுகிறார்கள்.

3. ஃபோல்டர் பெயர் தெரிகிறது என்பதால் உள்ளே சரக்கு இருக்கிறது என்று நினைக்காதே. திறந்து பார். படத்தைத் திற, வீடியோவை நடுவில் ஓட்டிப் பார், எக்செல் ஃபைலின் கடைசி வரிக்குப் போ. 'டாய் ஸ்டோரி 2' படம் எடுத்துக்கொண்டிருந்தபோது, 1998-இல், பிக்ஸார் நிறுவனத்தில் யாரோ கொடுத்த ஒரு கட்டளை அந்தப் படத்தின் ஃபைல்களை ஒவ்வொன்றாக அழித்துக்கொண்டே போனது. சுமார் 90 சதவீதம் போய்விட்டது. பேக்கப் இருக்கிறது என்று போனார்கள். அது பல வாரங்களாகச் சரியாக எடுக்கப்படவில்லை, யாரும் திறந்து பார்த்திருக்கவும் இல்லை. காப்பாற்றியது கேலின் சூஸ்மன் என்ற பெண். கைக்குழந்தையோடு வீட்டிலிருந்தே வேலை பார்ப்பதற்காகப் படத்தின் ஒரு நகலை அவர் வீட்டுக் கம்ப்யூட்டரில் வைத்திருந்தார். அந்தப் பெட்டியைப் போர்வையால் சுற்றி, காரின் பின்சீட்டில் வைத்து அலுவலகத்துக்கு ஓட்டி வந்தார்கள். உலகத்தின் பெரிய கம்ப்யூட்டர் மூளைகள் இருந்த இடத்தில் படத்தைக் காத்தது ஒரு பிள்ளைபெற்றவளின் வசதிக்காக எடுத்த நகல். அந்தக் கதையை நினைக்கும்போதெல்லாம் எனக்குச் சிரிப்பும் வரும், பயமும் வரும்.

4. எது பழையது, எது புதியது என்பதில் ஒரு கணமும் குழம்பாதே. இரண்டு டிஸ்க்குகளையும் செருகியதும் முதல் வேலையாகப் பெயரை மாற்று. ஒன்றுக்குப் 'பழசு', மற்றதற்குப் 'புதுசு'. தமிழிலேயே வைக்கலாம், விண்டோஸ் கோபித்துக்கொள்ளாது. இரண்டும் 'நியூ வால்யூம்' என்று நிற்கும்போதுதான் காலியான டிஸ்க்கை நிரம்பிய டிஸ்க்கின் மேல் காப்பி செய்வார்கள். ரோபோகாப்பி என்றொரு கட்டளை விண்டோஸிலேயே இருக்கிறது, நல்ல வேலைக்காரன். ஆனால் அதில் 'மிர்' என்ற சொல்லைச் சேர்த்தால், மூலத்தில் இல்லாததையெல்லாம் சேருமிடத்திலிருந்து அழித்துவிடும். திசை மாறிப்போனால் உன் பேக்கப்பே வழித்துத் துடைத்தாற்போல் ஆகிவிடும். கற்றுக்கொள்ளும் நாட்களில் அந்தச் சொல்லின் பக்கம் போகாதே.

இரவிலும் இந்த வேலையைத் தொடாதே. 2017 ஜனவரி 31-ஆம் தேதி கிட்லேப் நிறுவனத்தில், நெடுநேரம் வேலை பார்த்துக் களைத்த ஒரு பொறியாளர், துணைக் கம்ப்யூட்டரில் அழிக்க வேண்டியதை முதன்மைக் கம்ப்யூட்டரில் அழித்துவிட்டார். ஓரிரு விநாடியில் உணர்ந்து நிறுத்தினார். அதற்குள் சுமார் 300 ஜிபி-யில் 4.5 ஜிபி-தான் மிஞ்சியிருந்தது. அங்கே பேக்கப்புக்கு ஐந்து விதமான ஏற்பாடுகள் இருந்தன. தேவைப்பட்ட அன்று ஒன்றும் ஒழுங்காகக் கைகொடுக்கவில்லை. ஏறக்குறைய ஆறு மணி நேரத்துக்கு முன்னால் தற்செயலாக எடுத்த ஒரு நகல்தான் உதவியது. எடுத்தவர் யார் தெரியுமா? அதே பொறியாளர்தான். அந்த நிறுவனம் அவர் பெயரை வெளியிட்டுத் தூற்றவில்லை. நடந்ததை எல்லோரும் படிக்கும்படி எழுதிவைத்தது. நாளைக்கு உன்னிடம் வேலை பார்க்கும் பையன் ஒருவன் இப்படிச் செய்துவிட்டு வெளுத்த முகத்தோடு வந்து நிற்பான். அப்போது இந்தக் கதையின் பின்பாதியை நினைத்துக்கொள்.

5. பேக்கப் விதைநெல். அதில் சமைக்காதே. அந்த டிஸ்க்கைச் செருகி, அதிலேயே ஃபைலைத் திறந்து, அதிலேயே திருத்தி, அதிலேயே சேமிக்கிறவர்கள் உண்டு. வேண்டியதைப் புதுக் கம்ப்யூட்டருக்குக் காப்பி செய், டிஸ்க்கைக் கழற்றி உள்ளே வை, பிறகு வேலையைப் பார். 'கட்' கொடுத்து 'பேஸ்ட்' செய்வதும் கூடாது. எப்போதும் 'காப்பி'தான்.

6. ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பார்கள். காப்பி முடிந்ததும் பழைய ஃபோல்டரின் 'ப்ராப்பர்ட்டீஸ்' பார், புதிய ஃபோல்டரின் 'ப்ராப்பர்ட்டீஸ்' பார். எத்தனை ஃபைல், எத்தனை பைட் என்று இரண்டும் சொல்லும். தாளில் எழுதி ஒப்பிடு. ஒத்துப்போகவில்லையென்றால் காரணம் தெரியும்வரை எழுந்திருக்காதே. கல்யாண வீடியோ மட்டும் வராமல் நின்றால், இடையில் பயன்படுத்திய பென் டிரைவ் எஃப்.ஏ.டி.32 முறையில் ஃபார்மேட் ஆகியிருக்கும். அது 4 ஜிபி-யைத் தொடும் ஃபைலை ஏற்காது. எக்ஸ்ஃபேட் முறைக்கு மாற்று. ஒன்டிரைவ் ஃபோல்டரில் ஃபைல் பெயருக்குப் பக்கத்தில் மேகப் படம் இருந்தால் அந்த ஃபைல் உன் கம்ப்யூட்டரில் இல்லை, பெயர்தான் இருக்கிறது என்று அர்த்தம். அதைப் பேக்கப் என்று நம்பிவிடாதே. ஒன்டிரைவும் கூகுள் டிரைவும் நல்ல பிள்ளைகள்தான். ஆனால் நீ ஓரிடத்தில் அழித்தால் எல்லா இடத்திலும் பணிவாக அழித்துவிடும் பிள்ளைகள்.

படங்களின் தேதியையும் கவனி. காப்பி செய்தால் ஃபைலின் 'உருவான தேதி' இன்றைய தேதியாகிவிடும். பயப்படாதே, கேமராவில் எடுத்த படத்துக்குள்ளேயே எடுத்த நாள் பதிந்திருக்கும். வாட்ஸாப்பில் வந்த படத்தில் அது இருக்காது. அதன் ஃபைல் பெயரில்தான் வருடமும் மாதமும் நாளும் எண்ணாக ஒட்டிக்கொண்டிருக்கும். அழகுபடுத்துகிறேன் என்று அந்தப் பெயர்களை மாற்றிவிடாதே.

7. பொறுமை. யு.எஸ்.பி. 2 வழியாக 500 ஜிபி போக நான்கு மணி நேரம் ஆகலாம். நீல நிறத் துளையில் செருகி, டிஸ்க்கும் யு.எஸ்.பி. 3 வகையாக இருந்தால் ஒன்றரை மணி நேரத்துக்குள் முடியலாம். சின்னச் சின்ன ஃபைல்கள் லட்சக்கணக்கில் இருந்தால் எந்தக் கணக்கும் நிற்காது. லேப்டாப் நடுவில் உறங்கிவிடாதபடி 'ஸ்லீப்'பை நிறுத்திவை. சார்ஜரைச் செருகிவை. திரையில் வரும் 'மீதி நேரம்' என்பதை ஜோசியமாக எடுத்துக்கொள். பதறாத காரியம் சிதறாது.

8. 'டாக்குமென்ட்ஸ்' ஃபோல்டரோடு உன் வாழ்க்கை முடிந்துவிடவில்லை. டெஸ்க்டாப்பில் கிடப்பது, டவுன்லோட்ஸில் கிடப்பது, டி டிரைவில் யாரோ ஒருநாள் 'புதியது 2 கடைசி' என்று பெயர் வைத்தது, இவையெல்லாம் இருக்கின்றன. அவுட்லுக்கின் அஞ்சல் ஃபைல் கண்ணில் படாத இடத்தில் உட்கார்ந்திருக்கலாம். க்ரோமில் சேமித்த பாஸ்வேர்டுகளை ஃபோல்டரோடு தூக்கிவந்தால் புதுக் கம்ப்யூட்டரில் அவை திறக்காது. பழையது ஓடும்போதே ஏற்றுமதி செய்ய வேண்டும் அல்லது கூகுள் கணக்கோடு இணைத்திருக்க வேண்டும். புரோகிராம்களைக் காப்பி செய்ய முடியாது, புதிதாக நிறுவத்தான் வேண்டும்.

அப்பா கடைக் கணக்கு டாலியில் இருக்கிறது அல்லவா? அதன் டேட்டா ஃபோல்டர் வேறு, அது எடுக்கும் பேக்கப் ஃபைல் வேறு. பேக்கப் ஃபைலை இரட்டைச் சொடுக்கில் திறக்க முடியாது; டாலிக்குள் போய் 'ரீஸ்டோர்' கொடுக்க வேண்டும். உரிமத்தைப் பழைய கம்ப்யூட்டரில் 'சரண்டர்' செய்த பிறகே புதியதில் ஏற்று. ஜி.எஸ்.டி.க்குக் கையெழுத்துப் போடும் அந்த யு.எஸ்.பி. டோக்கனைக் காப்பி செய்ய வழியே இல்லை. புதுக் கம்ப்யூட்டரில் அதன் டிரைவரை நிறுவி, கையெழுத்து விழுகிறதா என்று மாதக் கெடுவுக்கு முன்பே பார்த்துக்கொள். கெடுநாளன்று மாலை டோக்கனை எடுத்துக்கொண்டு கடைக்கு ஓடிவந்தவர்களின் முகத்தை நான் மறக்கவில்லை.

9. இது என் தொழில், அதனால் கொஞ்சம் அதிகம் பேசுவேன், பொறுத்துக்கொள். தாத்தாவின் கட்டுரைகள் பழைய வேர்டு ஃபைல்களில் இருக்கின்றன என்றாயாம். புதுக் கம்ப்யூட்டரில் அவற்றைத் திறந்தால், ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் கலந்த கூளமாகத் தெரியும். ஃபைல் கெட்டுவிட்டது என்று அழித்துவிடாதே! இப்படி அழிக்கப்பட்ட மலர்களும் ஆய்வேடுகளும் எத்தனையோ. யூனிகோடில் தமிழுக்கு 1991-லேயே இடம் கிடைத்துவிட்டாலும், அச்சுக் கடைகளும் அலுவலகங்களும் நெடுங்காலம் எழுத்துருவுக்கு ஒரு முறையில் தட்டச்சு செய்துகொண்டிருந்தன. இங்கே வானவில், இலங்கையில் பாமினி, இன்னும் எத்தனையோ. 1999-இல் சென்னையில் நடந்த தமிழ்இணையம் மாநாட்டில் விசைப்பலகைக்கும் எழுத்துருக் குறியீட்டுக்கும் ஒரு தரம் வகுக்கப் பார்த்தார்கள். தமிழ்நாடு அரசு யூனிகோடை ஏற்று ஆணையிட்டது 2010-இல்தான். அதற்கு முன்னால் தட்டச்சு செய்த ஃபைலுக்கு உயிர், அந்த எழுத்துருவில் இருக்கிறது. எழுத்துரு இருப்பதோ விண்டோஸ் ஃபோல்டருக்குள், ஃபான்ட்ஸ் என்ற அறையில். வழக்கமாக எடுக்கும் பேக்கப் அந்த அறைக்குள் போகாது.

அதனால் பழைய கம்ப்யூட்டர் ஓடுமானால், முதலில் அந்த எழுத்துருக்களை எல்லாம் எடுத்துக்கொள். பிறகு அதிலேயே ஒவ்வொரு ஃபைலையும் பி.டி.எஃப். ஆக்கு, எழுத்துரு அதற்குள்ளேயே பதிந்துவிடும், எங்கே திறந்தாலும் தமிழ் தமிழாகத் தெரியும். அதன் பிறகு என்.எச்.எம். கன்வர்ட்டர் போன்ற ஒன்றால் யூனிகோடுக்கு மாற்று. மாற்றியதை பி.டி.எஃப்.-ஐ வைத்துக்கொண்டு வரிவரியாகப் படி. தலைப்பு வேறு எழுத்துருவில் இருந்திருக்கும், அது உளறும். நடுவில் வந்த ஆங்கிலச் சொல் தமிழ்க் கூளமாகியிருக்கும். மெஷினை நம்பி மெய்ப்புப் பார்க்காமல் விட்டால், தாத்தா எழுதாததை எல்லாம் தாத்தா எழுதியதாக ஆகிவிடும்.

பேஜ்மேக்கர் ஃபைல்கள் இன்னும் பாவம். அதன் கடைசிப் பதிப்பான 7 வந்தது 2001-இல்; அதன் ஃபைலை இன்டிசைனின் சில பழைய பதிப்புகள் மட்டுமே திறக்கும். இங்கிலாந்தில் இதைவிடப் பெரிய கூத்து நடந்தது. 1086-இல் தொகுத்த டூம்ஸ்டே நிலக்கணக்குக்கு 900 ஆண்டு நிறைவதைக் கொண்டாட, 1986-இல் பி.பி.சி. நாடு முழுவதிலும் இருந்து எழுத்தும் படமும் திரட்டி லேசர் தட்டுகளில் பதித்தது. பதினைந்து ஆண்டு கழித்துப் பார்த்தால் அந்தத் தட்டைப் படிக்கும் கருவியைத் தேடவேண்டியிருந்தது. தனியாக ஒரு ஆராய்ச்சிக் குழு உட்கார்ந்து மீட்க வேண்டியதாயிற்று. தோலில் எழுதிய பழைய கணக்கை இன்றும் படிக்கலாம். ஆகவே கம்ப்யூட்டர் மாற்றும் ஒவ்வொரு தடவையும், இந்த ஃபைலை இன்னும் எது திறக்கும் என்று கேட்டுக்கொள். திறக்கும் மென்பொருள் அருகி வருகிறதென்றால் இப்போதே மாற்றிவை.

10. நாளைக்கு அக்கம்பக்கத்தில் எல்லோரும் உன்னைத்தான் கூப்பிடுவார்கள். 'எல்லாத்தையும் புதுசுக்கு மாத்திக் கொடும்மா' என்பார்கள். ஒருவர் தன் டிஸ்க்கை உன் கையில் கொடுத்தால், பீரோச் சாவியைக் கொடுத்ததாக எண்ணிக்கொள். மூன்றாவது அறிவுரையில் திறந்து பார் என்றேனே, அது உன்னுடையதற்கு. பிறருடையதை, அவர் பக்கத்தில் உட்கார்ந்திருக்க, அவர் காட்டும் ஃபைலை மட்டும் திற. கண்ணில் பட்டதைக் காதில் வாங்காதே, அம்மாவிடம்கூடச் சொல்லாதே. வேலை முடிந்து, அவர் சரிபார்த்ததும், உன் கம்ப்யூட்டரில் தற்காலிகமாக வைத்திருந்த நகலை அவர் கண் முன்னாலேயே அழி. தொழில் தெரிந்தவர்கள் தெருவுக்கு நாலு பேர் கிடைப்பார்கள், இந்த வாய்க்கட்டு உள்ளவரைத்தான் தேடிவருவார்கள்.

11. பூட்டியது உனக்கும் பூட்டு என்பதை மறக்காதே. இப்போது வரும் விண்டோஸ் 11 லேப்டாப்கள் பெரும்பாலும் டிஸ்க்கைத் தாமாகவே பூட்டிக்கொள்கின்றன. லேப்டாப் பழுதாகி, டிஸ்க்கை மட்டும் கழற்றி வேறு கம்ப்யூட்டரில் செருகினால் 48 இலக்க எண் ஒன்றைக் கேட்கும். உன் மைக்ரோசாஃப்ட் கணக்கில் அது இருக்கும். இன்றே பார்த்து, ஒரு தாளில் எழுதி, நிலப் பத்திரம் வைக்கும் இடத்தில் வை. கணவர் போன சில வாரத்தில் ஒரு அம்மா லேப்டாப்பைக் கொண்டுவந்தார்கள். பேரனின் காதுகுத்துப் படங்கள் உள்ளே. பாஸ்வேர்டும் அவரோடு போய்விட்டது. ஏதேதோ முயன்றோம், நடக்கவில்லை. பூட்டு நல்ல பூட்டு. உன் வீட்டில் உன்னைத் தவிர இன்னொருவருக்கும் அந்தத் தாள் இருக்கும் இடம் தெரிந்திருக்கட்டும்.

12. மாற்றுகிற நாளில் ஒழுங்குபடுத்தாதே. 'இது எதுக்கு, அது எதுக்கு' என்று கை துறுதுறுக்கும். குப்பையும் சேர்ந்தே வரட்டும். கழிப்பதற்கு நிதானமான ஒரு ஞாயிற்றுக்கிழமை வரும்.

13. எல்லாம் சரி, மாதங்களும் ஆகிவிட்டன, பழைய கம்ப்யூட்டரைக் கொடுத்துவிடலாம் என்று தோன்றும்போது, வெறும் டெலீட்டும் அவசர ஃபார்மேட்டும் போதாது. மீட்டெடுக்கும் மென்பொருளால் அதிலிருந்து ஃபைல்களைத் திரும்ப எடுத்துவிடலாம். விண்டோஸை 'ரீசெட்' செய்யும்போது டிஸ்க்கைத் துப்புரவாக்கும் தெரிவு ஒன்று வரும், நேரம் பிடித்தாலும் அதைத் தேர்ந்தெடு. அல்லது ஹார்டு டிஸ்க்கைக் கழற்றி வைத்துக்கொண்டு மீதியைக் கொடு.

14. புதுக் கம்ப்யூட்டருக்குப் புதிய பேக்கப்பை, மாற்றி முடித்த அதே வாரத்தில், வேறொரு டிஸ்க்கில் தொடங்கு. பழைய டிஸ்க்கில் இடம் மிச்சம் இருக்கிறதே என்று அதன்மேல் எழுதாதே. அதில் தேதியைப் பேனாவால் எழுதி ஒட்டி, உன் பெரியம்மா வீட்டில் கொடுத்துவை. வருடத்துக்கு ஒரு தடவையாவது அதை வாங்கிவந்து ஓட்டிப் பார், நாலைந்து ஃபைலைத் திறந்து பார். மார்ச் 31-ஐ 2011 முதல் உலக பேக்கப் நாள் என்று கொண்டாடுகிறார்கள். அப்பாவுக்கு அது கணக்கு முடிக்கும் நாள், வீட்டில் யாரும் மறக்க மாட்டார்கள். அன்றைக்கு முடியாவிட்டால் அடுத்த ஞாயிறு போய் வா, பெரியம்மா கையால் ஒரு சாப்பாடும் ஆயிற்று.